பதினொரு பச்சை இலைகள்

இடது கை தோளுக்கு அடியில், வலது கை இடுப்புக்கு அடியில். உடம்புக்கு அடியில் விரித்திருந்த மடித்த போர்வையின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, தன் தாயாரின் முழங்காலை மடக்கி வைத்து, "ஒண்ணு... ரெண்டு..." என்று சொல்லி, மூன்றில் தன் பக்கமாகத் திருப்பினார் லிஃப்ட்காரர். எண்ணெய் போட்ட கீலில் கதவு திரும்புவதுபோல உடம்பு திரும்பியது. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே இன்னொன்று, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டு. சுத்தமான வேலை. நர்ஸ் வேலைக்கு நான் பயிற்சி கொடுத்த பெண்களில் பாதிப் பேருக்கு இவ்வளவு பதம் வந்ததில்லை.

உடனே சுவரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "பதற்றப்பட வேண்டாம். விழுதல் கண்டறியப்பட்டது. உங்கள் அன்புக்குரியவர்களுக்குத் தகவல் அனுப்பப்படுகிறது."

கன்னம் தலையணையில் அழுந்தியிருந்ததால் தாயாரின் குரல் ஒரு பக்கமாக வந்தது. "மறுபடியும் விழுந்துட்டேனாடா?"

"ஆமாம்மா. கட்டில்லேர்ந்து கட்டில்லயே."

"அடி பட்டுச்சா?"

"இன்னும் தெரியல. அண்ணன் போன் பண்ணிச் சொல்லுவான்."

சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அண்ணன்தான்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றுதான் பெயர். கதவில் உள்ள பலகையில் வேறென்னவோ எழுதியிருக்கிறது. தபால்காரரைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை. பத்தொன்பது வயதில் கிரீஸ் டப்பாவோடு லிஃப்ட் குழிக்குள் இறங்கியவர், ஐம்பத்து நாலில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோதுதான் முழுதாக வெளியே வந்தார். எட்டாவது மாடியில் நின்றுகொண்டு, கீழே கிளம்பும் பெட்டியின் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பாதியில மாட்டிக்கிட்டவங்க கத்துறதை நாள் பூரா கேக்கறேன். வீட்லயும் எதுக்கு?" என்பார்.

அந்தத் தொழிலில் அவருக்கு ஒரே ஒரு மதம் இருந்தது. லிஃப்ட் கதவு சரியாக மூடாவிட்டால் வண்டி நகரக் கூடாது. அதற்காகக் கதவில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. அந்த சுவிட்ச் அடிக்கடி மக்கர் பண்ணும். சோம்பேறி மெக்கானிக் என்ன செய்வான் என்றால், ஒரு துண்டுக் கம்பியை எடுத்து இரண்டு முனையையும் இணைத்துவிடுவான். ஒரு நிமிட வேலை. அதன் பிறகு கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் சமர்த்தாக ஓடும். இவர் சின்ன வயதில் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் எவனோ அப்படிச் செய்துவிட்டுப் போனான். சலவைக்குத் துணி எடுக்க வந்த ஆள் உள்ளே காலை வைக்கும்போது பெட்டி கிளம்பிவிட்டது. அவர் இப்போது ஒற்றைக் காலோடு இருக்கிறார். அன்றிலிருந்து லிஃப்ட்காரர் எந்த அலாரத்தின் வாயையும் பொத்தியதில்லை. இதற்காக மூன்று முதலாளிகளோடு சண்டை போட்டு வேலையை விட்டிருக்கிறார். "அடிக்கிற மணியை அடிக்க விடாதவன் கொலைகாரன்" என்பது அவர் வாக்கு. நல்ல வாக்குதான். அதுவே அவரைக் கவிழ்க்கும் என்று யார் கண்டது?

தாயாருக்கு வயது எண்பத்தொன்று. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நாக்கு மட்டும் எந்தப் பக்கமும் விழவில்லை. படுக்கையில் போட்ட இரண்டாவது மாதம், மகன் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, எதையோ எடுக்கக் கையை நீட்டிக் கட்டிலிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டார். இருபது நிமிடம் தரையில் கிடந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மூத்த மகனுக்கு மனசு உடைந்துவிட்டது. தூரத்துப் பாசம் எப்போதும் அட்டைப் பெட்டியில்தான் வரும். அது ஒன்பதாவது நாள் வந்தது.

சுவரில் மாட்டுவதற்கு, முட்டை அளவில் வெள்ளையாக ஒரு கேமரா. ஆள் விழுந்தால் தானே கண்டுபிடித்து மூன்று போனுக்குத் தகவல் சொல்லும்: வெளிநாட்டு அண்ணனுக்கு, மூன்று மணி நேரப் பேருந்துத் தூரத்தில் இருக்கும் அக்காவுக்கு, பக்கத்திலேயே நிற்கும் தம்பிக்கு. விழாத நாளில், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு பச்சை இலைப் படம் அனுப்பிப் பாராட்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். ஒரே இடம் அழுந்திக்கொண்டிருந்தால் அங்கே இரத்த ஓட்டம் நின்று தோல் அழுகும். இது நாற்பது வருடமாக நான் சொல்லிக்கொடுத்துவரும் முதல் பாடம். ஆகவே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு திருப்பல். அந்தக் கேமராவுக்குத் திருப்பல் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதன் கணக்குப்படி முதல் வாரத்தில் தாயார் எண்பத்து நாலு தடவை விழுந்தார். சர்க்கஸ் கூடாரத்தில்கூட இத்தனை பேர் விழ மாட்டார்கள்.

எண்பத்து நாலு தடவையும் அண்ணன் கூப்பிட்டார்.

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலண்ணே. திருப்பிப் போட்டேன்."

"மீட்டிங்ல இருக்கேன்டா. பத்துப் பேர் முன்னாடி என் போன் 'அம்மா விழுந்துட்டாங்க'ன்னு கத்துது."

"அப்ப அதை எடுத்துரு."

"எடுத்துட்டு? நிஜமாவே விழுந்தா?"

"நான் இங்கதானே இருக்கேன்."

"அன்னைக்கும் நீ அங்கதானே இருந்தே?"

லிஃப்ட்காரர் போனை வைத்துவிட்டு அடுத்த திருப்பலுக்கு நேரம் பார்த்தார்.

கேமராவின் செட்டிங்கில் போய் அதன் கூர்மையைக் குறைக்கலாம் என்று அக்கா எங்கோ படித்துச் சொன்னார். போனார்கள். மூன்று அளவுகள் இருந்தன: அதிகம், மிக அதிகம், பரிந்துரைக்கப்பட்டது. இதில் எதைத் தொட்டாலும் ஒரு ரகசிய எண் கேட்டது. எண் அண்ணனின் போனுக்குப் போகும். முப்பது விநாடிதான் உயிரோடு இருக்கும். இங்கே பகல் என்றால் அங்கே நடு இரவு. அவர் எழுந்து, கண்ணாடி தேடி, எண்ணைப் படித்து, கடல் தாண்டி அது வந்து சேர்வதற்குள் செத்துப்போய் இன்னொன்று பிறந்திருக்கும். நாலு நாள் முயன்றுவிட்டு, "பரிந்துரைக்கப்பட்டதே இருக்கட்டும்" என்று அண்ணன் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

பிறகு உதவி மையம். அதில் மனிதர்கள் இல்லை. தட்டச்சு செய்தால் பதில் வரும். லிஃப்ட்காரர் ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் தன் பிரச்சினையை எழுதினார். "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது. உங்கள் அன்புக்குரியவர் விழுந்துவிட்டாரா?" என்று வந்தது. இல்லை என்று எழுதினார். "மகிழ்ச்சி. உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" மறுபடியும் முதலிலிருந்து எழுதினார். இந்தத் தடவை உருப்படியான ஆலோசனை வந்தது: நோயாளி கூடியவரை அசையாமல் இருந்தால் தவறான எச்சரிக்கைகள் குறையும்.

"நான் செத்தா சரியாயிடும்னு சொல்லுதா?" என்று கேட்டார் தாயார்.

"அப்படிச் சொல்லலம்மா. நட்சத்திரம் கேக்குது."

"நாலு குடு. நேரா பேசுதே."

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், திருப்புகிற இரண்டு நிமிடம் மட்டும் குடையை விரித்துக் கேமராவுக்கு முன்னால் வைத்தார். "பார்வை மறைக்கப்பட்டுள்ளது. சந்தேகத்துக்குரிய செயல்" என்று மூன்று போனிலும் வந்தது. அடுத்த நாள் பிளக்கையே பிடுங்கினார். வந்தது வினை. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது, உடனே நேரில் பார்க்கவும்' என்று அக்காவுக்குப் போயிருக்கிறது. தம்பியின் போன் சமையலறையில் சத்தம் குறைத்துச் சார்ஜில் கிடந்தது. எட்டுத் தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அக்கா அலுவலகத்தில் சொல்லாமல்கூடக் கிளம்பி, பேருந்தில் மூன்று மணி நேரம் அழுதுகொண்டே வந்து, கதவைத் தள்ளித் திறந்தபோது, தாயார் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி, லீவா?" என்றார் தாயார்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் தம்பியைத் திட்டத் தொடங்கினார். "உன் தொழில்ல எவனாவது இப்படி அலாரத்தைப் பிடுங்குவானாடா? ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவியே! அம்மான்னா மட்டும் பிடுங்கலாமா?"

இருபது பேர் சேர்ந்து அடித்திருந்தால்கூட அவருக்கு அப்படி வலித்திருக்காது. பிளக்கை மாட்டினார். இனிமேல் பிடுங்குவதில்லை என்று சத்தியமும் பண்ணிக்கொடுத்தார்.

அந்த வாரம்தான் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. செவ்வாயும் வெள்ளியும் தாயாரைக் குளிப்பாட்டப் போகிறவள், இரண்டு வாரம் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். அந்த இரண்டு வாரத்தில் லிஃப்ட்காரர் மூளையை உபயோகித்துவிட்டார்.

லிஃப்டைப் பழுது பார்க்கும்போது அதை ஓட்டுவதற்கு ஒரு மெதுவேகம் உண்டு. ஆமை மாதிரி, அங்குலம் அங்குலமாக. அந்த வேகத்தில் போகும்போது எந்தப் பாதுகாப்புக் கருவியும் பதறாது. இவர் யோசித்தார்: மணியைப் பொத்தக் கூடாது, சரி, மணி அடிக்காத வேகத்தில் வேலையைச் செய்யலாமே? போர்வையைப் பிடித்துத் தூக்கித் திருப்புவதை விட்டுவிட்டு, தாயாரை மெத்தையோடு மெத்தையாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துத் திருப்பத் தொடங்கினார். ஒரு திருப்பலுக்கு இருபத்தைந்து நிமிடம். கேமரா மூச்சு விடவில்லை. முதுகு உடைந்துபோகும் வேலை என்பதால் பன்னிரண்டு தடவை ஐந்தாகிப் பிறகு மூன்றானது.

பச்சை இலைகள் கொட்டத் தொடங்கின. 'அம்மா நலம்' என்று பெயர் வைத்த குடும்பக் குழுவில் தினமும் காலை ஒன்பதுக்கு ஓர் இலை. அண்ணன் கைதட்டும் படம் போடுவார். அக்கா கும்பிடும் படம் போடுவார். ஏழாவது இலைக்கு, 'சூப்பர்டா தம்பி. இப்பதான் நீ அம்மாவை நல்லா பாத்துக்கறே' என்று அண்ணன் எழுதியிருந்தார். லிஃப்ட்காரர் அதை எனக்குக் காட்டினார், நான் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை. அன்று காலை பதினோராவது இலை வந்திருந்தது. பெருமையாகத்தான் காட்டினார்.

"மணி அடிக்கிறதே இல்ல சிஸ்டர்" என்றார். எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆனாலும் எல்லோருக்கும் சிஸ்டர்தான்.

"எப்படித் திருப்பறீங்க, காட்டுங்க" என்றேன்.

காட்டினார். இரண்டு நிமிடம் பார்த்தேன். "போதும், நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுத் தாயாரின் உடையை விலக்கினேன். புதுக் கண்ணுக்கு முதலில் கிடைத்த காட்சி அது. முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. நடுவில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோலே இல்லை; வெந்நீர் பட்டு உரிந்ததுபோல ஈரமாக இருந்தது.

"எத்தனை நாளா எரியுது உங்களுக்கு?" என்று தாயாரைக் கேட்டேன்.

"ஒரு வாரம் இருக்கும்."

லிஃப்ட்காரர் திடுக்கிட்டார். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நல்லா இருக்கேன்னு உங்கண்ணன் தினமும் எழுதறானே. நான் ஏன் குறுக்க பேசணும்னு விட்டுட்டேன்" என்றார் தாயார். பிறகு, "நீயும் சிரிச்சுக்கிட்டு இருந்தே" என்றார்.

நான் அவருக்கு விளக்கினேன். வேகமாகத் தூக்கித் திருப்பினால் தோல் மெத்தையை விட்டு எழும்பும். மெதுவாக இழுத்தால் எலும்பு நகரும், தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். நடுவில் உள்ள சதை கிழியும். அதோடு நாள் முழுக்க அந்த இடத்திலேயே பாரம். இந்த அளவில் பிடித்தால் மூன்று வாரத்தில் ஆறிவிடும். விட்டால் எலும்பு வரைக்கும் போகும். இந்த வயதில் அதிலிருந்து எழுந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இதையும் சொன்னேன். சர்க்கரை தடவிச் சொல்ல எனக்கு வராது.

அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, நான் சொல்லச் சொல்லப் புண்ணை உப்பு நீரால் கழுவி, கட்டுப் போட்டார். முன்போலவே ஒண்ணு, ரெண்டு சொல்லித் தூக்கித் திருப்பினார். குரல் சுவரிலிருந்து வந்தது: பதற்றப்பட வேண்டாம். அண்ணன் கூப்பிட்டார். இவர் அக்காவையும் அதே அழைப்பில் சேர்த்துக்கொண்டார்.

"பன்னெண்டாவது இலை போச்சேடா!" என்றார் அண்ணன். பாதி தமாஷ்.

"அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்துருச்சுண்ணே."

"என்னது? ஆப்ல எல்லாம் பச்சையாத்தானே காட்டுது?"

"பச்சை காட்டுறதுக்காகத்தான் வந்துச்சு. மணி அடிக்கக் கூடாதுன்னு மெதுவா இழுத்தேன். தோல் போயிருச்சு. தப்பு என்னுதுதான். காமிக்கவா?"

"காட்டுடா" என்றார் தாயார் படுக்கையிலிருந்து. "இத்தனை நாளா என்னைத் தூரத்துலேர்ந்தே பாத்துக்கிட்டு இருக்கான். கிட்டத்துலயும் ஒரு தடவை பாக்கட்டும்."

வீடியோவைப் போட்டு, கட்டை ஓரமாகப் பிரித்துக் காட்டினார். அக்கா "ஐயோ" என்றார். "நான் இலையைப் பாத்துட்டு நிம்மதியா வேலைக்குப் போயிட்டு இருந்தேனேடா..."

அண்ணனுக்கு அப்போதும் விட மனசில்லை. பயம், வேறொன்றுமில்லை. "அதுக்காக? பாதுகாப்புக்கு வெச்சதைக் கழட்டலாமா? நீயே சொல்லுவியேடா, அடிக்கிற மணியைப் பொத்தக் கூடாதுன்னு."

லிஃப்ட்காரர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார், பழுதான கதவு சுவிட்சைப் பார்ப்பதுபோல.

"அண்ணே, கதவு திறந்திருக்கும்போது அடிச்சா அது மணி. ஒழுங்கா மூடினதுக்கும் அடிச்சா அது மணியில்ல, பழுது. பழுதானதை ஓட விடறதும் அதே கொலைதான். இது எனக்கு முப்பத்தஞ்சு வருஷமா தெரியும். நீ வாங்கி அனுப்பினதுங்கறதால மறந்துட்டேன்."

"அப்ப மறுபடி விழுந்தா?"

"விழாம இருக்க என்ன பண்ணணுமோ பண்றேன். சொல்லிட்டுத்தான் பண்ணுவேன். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு இதைக் கழட்டப் போறேன். இணைப்பு போச்சுன்னு உங்களுக்கு வரும். அது நான்தான். அக்கா, பஸ் ஏறாதே."

அண்ணன், "அந்த ரகசிய எண் வேணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்ணே. ஸ்க்ரூ டிரைவர் இருக்கு."

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தாயாரை இடது பக்கம் திருப்பினார். ஆறே முக்காலுக்குக் குழுவில், 'இன்னும் பதினைந்து நிமிடம்' என்று எழுதினார். ஏழுக்குக் கேமராவைக் கழற்றி, வந்த பெட்டியிலேயே வைத்து, 'பழுது. உபயோகிக்க வேண்டாம்' என்று மேலே எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். தொழில் முறை அது. பிறகு கட்டிலின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பித் தடுப்பை முடுக்கினார். அதில் தாயாரின் நல்ல கைக்கு எட்டும் இடத்தில், பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து எடுத்துவைத்திருந்த சிவப்புப் பொத்தானைப் பொருத்தி, சமையலறையில் ஒரு மணியும் மொட்டை மாடியில் ஒரு மணியும் கட்டினார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு. சுவரில் பென்சிலால் நேரமும் பக்கமும் குறிக்கக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

புண்ணைப் பிரித்துப் பார்த்தேன். பெரிதாகவில்லை. கழுவி வேறு கட்டுப் போட்டோம். மல்லாக்கப் படுக்கவைக்கவே கூடாது, ஆறும்வரை இடமும் வலமும் மட்டும் என்றேன். வாதத்தில் விழுந்த பக்கம் என்பதால் வலது தோள் நசுங்காமல் முன்னால் இழுத்துவிட வேண்டும் என்று காட்டினேன். "ஒண்ணு, ரெண்டு" என்று அவர் எண்ணினார். மூன்றுக்குத் தாயார் வலப்பக்கம் திரும்பினார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை. போனும் அடிக்கவில்லை.

லிஃப்ட்காரர் கட்டத்தில் 'எட்டு, வலம்' என்று எழுதிவிட்டுச் சமையலறைக்குப் போனார். கால் நிமிடத்தில் மணி அலறியது. கரண்டியோடு ஓடி வந்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீ வரியான்னு பாத்தேன்."

"வந்துட்டேன்ல?"

"கரண்டியோட வந்திருக்கே. போய் அடுப்பைப் பாரு."